செருப்புத் தைத்தவரின் வெறுங்கால்கள்

என்னிடம் ஒரு சோடிச் செருப்பு இருக்கிறது. 2012ஆம் ஆண்டு, போடிநாயக்கனூர் வட்டாரத்தில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, சிலமலையில் ஒரு பெரியவர் தம் கையால் தைத்துக் கொடுத்தது. அடித்தோல் இருமுறையும் வார் ஒருமுறையும் மாற்றப்பட்டிருக்கின்றன. மற்றபடி அதே செருப்புத்தான். "இதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கக்கூடாதா, சாமி?" என்று என் சமையற்காரர் அவ்வப்போது கேட்பதுண்டு. எறிய எனக்கு மனம் வருவதில்லை. சிக்கனத்தால் வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். உண்மை வேறு. அந்தச் செருப்புக்கு உரிய விலையை நான் கொடுக்கவில்லை. அந்தக் கதையை வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் இருக்கிறது சிலமலை. மேற்கே நிமிர்ந்தால் ஏலமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்கும். விடியுமுன்னரே ஜீப்புகள் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறத் தொடங்கிவிடும். மேலே ஈரமும் அட்டையும். கீழே வெயிலும் கருவேல முள்ளும். மலையில் ரப்பர் காலணி போட்டவர்களும் ஊருக்குத் திரும்பினால் தோல் செருப்பையே தேடிய காலம் ஒன்று இருந்தது. டயர் அடிவைத்த தடித்த தோல் செருப்பில் முள் ஏறாது. அந்தக் காலத்தின் கடைசி மனிதர்களுள் ஒருவர் நம் பெரியவர்.

ஒரு புங்கமரத்தடிதான் அவருடைய பட்டறை. ஒரு கட்டை, தோல் சீவும் அகன்ற கத்தி, குத்தூசி, சுத்தியல், மெழுகு பூசிய நூல் உருண்டை, ஊறவைக்க ஒரு பழைய சட்டி. அவ்வளவே மூலதனம். பழைய செய்தித்தாளின்மேல் என் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். இரண்டு கால்களையும் தனித்தனியே வரைந்தார். "ரெண்டு காலும் ஒரே அளவுன்னு நினைக்காதீங்க சாமி, யாருக்கும் அப்படி இருக்காது" என்றார். ஐம்பது கோடிக் கால்களுக்கு ஒரே அச்சில் செருப்பு வார்க்கும் தொழிற்சாலைக்குத் தெரியாத நுட்பம் இது. காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்று நம் முன்னோர் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் செய்தித்தாளில் இருந்தது.

விலை கேட்டேன். 450 ரூபாய் என்றார். நான் பேரம் பேசினேன். கடைவீதியில் 200 ரூபாய்க்குச் செருப்புக் கிடைப்பதை எடுத்துக்காட்டினேன். அவர் சிறிது நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சாமி குடுக்கிறதைக் குடுங்க" என்றார். 350 ரூபாய் கொடுத்தேன். குருமடத்தில் கற்ற சிக்கனம் வீண்போகவில்லை என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட எனக்கு அன்று இருந்தது.

மறுநாளும் அவ்வழியே போகவேண்டியிருந்ததால் அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். தோலை நனைத்துப் பதப்படுத்தி, வரைந்த கோட்டின்மேல் வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, குத்தூசியால் துளையிட்டு, ஒரே துளையில் இருபுறமிருந்தும் இரண்டு ஊசிகளைச் செலுத்தி இறுக்கினார். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரிந்துவிடாது. இயந்திரத் தையலுக்கு அந்தத் திடம் இல்லை. பெருவிரல் வளையத்துக்கு மட்டும் மூன்று முறை வாரை அவிழ்த்து மறுபடி கோத்தார். முடிவில் விளக்கெண்ணெய் தடவி நிழலில் காயவைத்தார். வேலை முடிய ஒன்றரை நாள் ஆயிற்று.

அன்றிரவு, படுக்கையில், மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. தோலுக்கு 160 ரூபாய், டயர், நூல், ஆணி, பசைக்கு 40 ரூபாய் என்று அவரே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். 350இல் 200 போக மீதி 150. அதுவும் ஒன்றரை நாள் உழைப்புக்கு. நாளொன்றுக்கு நூறு ரூபாய்! அன்று ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனவர் பெற்ற கூலி இதைவிட அதிகம். அறுபது ஆண்டுத் தொழிலறிவுக்கு நான் வைத்த மதிப்பு அவ்வளவே.

மறுநாள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அலுவல்கள் வந்தன, மறந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை, நாணினேன் என்பதே சரி.

அடுத்த ஆண்டு பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்குக்கு உபதேசியார் தேர்ந்தெடுத்திருந்த பன்னிருவருள் அவரும் ஒருவர். அவர்முன் மண்டியிட்டு நீர் ஊற்றியபோதுதான் அந்தப் பாதங்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். உள்ளங்கால் கட்டாந்தரைபோல் இறுகியிருந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். ஆலய வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் எல்லாரும் தத்தம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவர் எதையும் தேடாமல் படியிறங்கி நடந்தார்.

"ஐயா, ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று தைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சு சாமி" என்றார். சற்று நின்று, பிறகு சொன்னார்: "சின்ன வயசுல நாங்க ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. தைச்ச செருப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயி, சம்சாரி வீட்டு வாசல்ல வச்சுட்டு வரணும். இப்பப் போட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆனா காலு ஒத்துக்கிட மாட்டேங்குது."

காலா ஒத்துக்கொள்ளவில்லை? ஒரு மனிதனின் காலுக்குள்ளேயே அச்சத்தை ஏற்றி வைத்த சமுதாயம் எத்தகையது! காலணி நம் நாட்டில் அரியணை ஏறியதும் உண்டு. இராமனின் பாதுகையைப் பரதன் அரியணையில் வைத்த கதை தெரியாதவர் யார்? அதைச் செய்யும் கைக்கு மட்டும் ஊருக்கு வெளியே குடிசை என்று விதித்துவிட்டோம்.

அந்தப் பழைய வாழ்வைப் பற்றி அவர் பின்னர் பலமுறை என்னிடம் பேசினார். செருப்பு அவர்களுக்குச் சிறு வேலைதான். பெரிய வேலை கமலை. 1970களின் இறுதியில் என் பாட்டனார் தோட்டத்தில் கமலை இறைத்ததை நானும் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். சரிவில் இரண்டு காளைகள் இறங்க, வடக்கயிறு கப்பியில் ஓட, இரும்புக் கூனை கிணற்றிலிருந்து மேலேறி வரும். கூனையின் அடியில் யானைத் துதிக்கை போன்ற தோல்வால் ஒன்று உண்டு. வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வால் நீண்டு தொட்டிக்குள் தானே நீரைக் கொட்டிவிடும். மூட்டில்லாத, கசியாத, வளைந்து கொடுக்கும் அந்த வால்தான் கமலையின் உயிர். நீரிலேயே கிடப்பதால் அது அழுகும், கிழியும். ஆகவே தோல் தொழிலாளி இல்லாமல் விவசாயியின் கிணறு இல்லை. கிணறு இல்லாமல் ஊருக்குச் சோறில்லை.

இந்த வால் அழுகாதிருக்க வழி தேடியதே குரோம் முறையில் தோல் பதனிடுதல் நம் மாநிலத்துக்கு வந்த காரணங்களுள் ஒன்று என்பதை அறிந்தால் வியப்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, நீர் இறைக்கும் தோலுக்காக அம்முறையைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் 1912இல் சென்னைக்கு அருகே தொடங்கப்பட்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே அவ்விடம் குரோம்பேட்டை ஆயிற்று.

கமலை வாலுக்கும் வடத்துக்கும் செருப்புக்கும் விவசாயி கொடுத்த கூலி காசாக இராது. அறுவடைக் களத்தில் ஆண்டுக்கொருமுறை அளந்துபோடும் தானியமே கூலி. அந்தப் பங்குக்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'! பெயரைத் தவிர வேறெதிலும் சுதந்திரம் இல்லாத அந்த வாழ்வைப் பூமணி 1979இல் 'பிறகு' என்னும் நாவலில் எழுதினார். கரிசல் காட்டுக் கிராமமொன்றில் செருப்பும் கமலைத் தோலும் தைக்கும் ஓர் அருந்ததியரே அதன் நாயகர். நம் பெரியவர் அந்நூலைப் படித்தவரல்லர், வாழ்ந்தவர்.

மின்சாரமும் பம்புசெட்டும் வந்தன. கமலைகள் ஒவ்வொன்றாக நின்றன. தோல்வால் தைத்த கைகள் வேலையிழந்தன. யாரும் அழவில்லை, அவமானத்தோடு பிணைந்த வேலை போனதற்கு யார் அழுவார்? பின்னர் ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் செருப்பும் வந்து மிச்சமிருந்த வேலையையும் கொண்டுபோயின.

தோல் எப்படித் தோலாகிறது என்பதையும் அவரே எனக்கு விளக்கினார். பச்சைத் தோலை உப்பிட்டுக் காத்து, கழுவி, சுண்ணாம்பு நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மயிரையும் ஊனையும் வழித்தெடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் மெலிந்ததிலிருந்து அடர்ந்ததற்கு மாற்றி மாற்றி வாரக்கணக்கில் கிடத்தவேண்டும். பிறகு கடுக்காய் நீர், பிறகு எண்ணெய். பாக்கைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே ஒரு துவர்ப்பு, அதே துவர்ப்புச் சத்துத்தான் தோலின் இழைகளைப் பற்றிக்கொண்டு அழுகாமல் காக்கிறது. காப்புக் கட்டும் நாளில் நாம் வீட்டு வாசலில் செருகுகிற ஆவாரம்பூவின் செடியே இது. பூ வாசற்படிக்கு வந்தது. பட்டை ஊர்ப்புறத்துக் குழிக்குப் போயிற்று.

இவ்வகைத் தோலை உலகச் சந்தை 'கிழக்கிந்தியத் தோல்' என்று அழைத்தது. திண்டுக்கல்லும் திருச்சியும் ஈரோடும் அதற்குப் பெயர்பெற்றவை. இன்று அது தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. பட்டைக்காகவே நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வளர்க்கப்பட்ட ஆஸ்திரேலியச் சீகை மரங்கள் இன்று சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கி நிற்கின்றன. குரோம் முறையில் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அந்நியச் செலாவணியும் வந்தது. கூடவே கழிவுநீரும் வந்தது. வேலூர் வட்டாரத்தில் பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நம் அண்டை மாவட்டமான திண்டுக்கல்லின் தோல் ஆலைகளையும் தொட்டது. மாசுபடுத்தியவனே ஈடு செலுத்தவேண்டும் என்பது அத்தீர்ப்பு நிலைநாட்டிய கோட்பாடுகளுள் ஒன்று.

நீரைக் கெடுத்தவன் ஈடுகட்டவேண்டும். மனிதனைக் கெடுத்தவன்?

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாலையில் நூறு ரூபாய்த் தாளோடு புங்கமரத்தடிக்குப் போனேன். "ஐயா, போன வருடம் பேரம் பேசிக் குறைத்தது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வேணாம் சாமி. அன்னைக்கே குடுத்திருந்தா அது கூலி. இன்னைக்குக் குடுத்தா அது பிச்சை" என்றார். கோபமின்றித்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து வாரைச் சீவத் தொடங்கினார்.

இத்தனை ஆண்டுகளில் நான் எத்தனையோ ஞானஒடுக்கங்களில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், செய்துமிருக்கிறேன். நீதிக்கும் தருமத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. உரிய நேரத்தில் உரிய விலையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, பிறகு கிறிஸ்துமசுக்கு வேட்டி கொடுப்பதை நாம் அன்பு என்கிறோம்.

எதையாவது சொல்லவேண்டுமே என்று, "இந்தக் கலை அழியக்கூடாது. பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இதைக் கத்துக்கச் சொல்லுவீகளா சாமி?" என்றார். என் அண்ணன் மகன் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்லவில்லை.

வாசகர்களே, நாம் ஆலயத்துக்குள் ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம். ஆனால் தமிழகத்தில் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருந்த பங்குகள் நமக்குத் தெரியாதவையா? புனித பேதுரு யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் பல நாள் தங்கியிருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் குறிக்கிறது. செத்த விலங்கைத் தொடுவதால் தீட்டுள்ளதாக யூதர் கருதிய தொழில் அது. வீடும் கடலோரத்தில், ஊர் விளிம்பில். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற பாடம் திருச்சபைத் தலைவருக்கு அந்த வீட்டு மாடியில்தான் கற்பிக்கப்பட்டது. அந்த மாடியை நாம் இன்னும் ஏறி முடிக்கவில்லை.

2016இல் எனக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்தது. சில ஆண்டுகளில் பெரியவர் இறந்துபோன செய்தியும் வந்தது. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காகப் போடிக்குப் போனபோது சிலமலைக்கும் போனேன். புங்கமரம் இருந்தது. அதனருகே தகரக் கூரையிட்ட சிறு அறை ஒன்று புதிதாக இருந்தது. உள்ளே, தாத்தாவின் அதே கட்டையின்முன், அவருடைய பேத்தி அமர்ந்திருந்தாள்.

வணிகவியல் பட்டம் பெற்ற பெண். ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள், தாத்தாவின் கடைசிக் காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாளாம். பிறகு சென்னை கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் குறுகியகாலப் பயிற்சியும் பெற்றிருக்கிறாள். செருப்போடு இடைவார், பணப்பை, கைப்பை ஆகியவற்றையும் செய்கிறாள். "தாத்தா கற்றுத்தர மாட்டேன் என்றாரே?" என்று கேட்டேன். "ஆமா சாமி. நான்தான் விடலை. விட்டுட்டுப் போகவும் எனக்கு வழி இருந்துச்சு. அதனாலதான் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

எளிதான பாதையன்று அது. தொழிலை விரிவாக்க மானியக் கடன் கேட்டுப் போனாள். அவள் கிறிஸ்தவள் என்பதால் பட்டியலினச் சான்றிதழ் இல்லை; இந்தக் கடனும் இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியே நிறுத்தப்பட்டனர். அருந்ததியருக்குத் தமிழக அரசு 2009இல் தந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவளுக்குச் செய்தித்தாள் செய்திகளே. ஞானஸ்நானம் பெற்றதால் சாதி போய்விட்டது என்கிறது சட்டம். ஊர் அப்படிச் சொல்வதில்லை.

ஒரு சோடிச் செருப்புக்கு விலை கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். தோல் 520. நூல், பசை, ஆணி, கொக்கி 90. கருவித் தேய்மானம் 40. கூலி, பத்து மணி நேரம், மணிக்கு 75 வீதம் 750. ஆக மொத்தம் 1,400 ரூபாய். அடியில் சிவப்பு எழுத்தில்: 'பேரம் இல்லை.'

தாத்தாவின் அறுபது ஆண்டுக் கணக்கில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு வரி அந்தத் தாளில் இருந்தது: கூலி. அவருக்கு மிஞ்சியதே கூலியாக இருந்தது. பேத்தி அதை முதலிலேயே எழுதிவைத்துவிட்டாள். ஓர் அடிமைத் தொழிலுக்கும் சுதந்திரத் தொழிலுக்கும் இடையே உள்ள தூரம் அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் பட்டது.

"வாங்குகிறார்களா?" என்று கேட்டேன். "பாதிப் பேர் திரும்பிப் போயிருவாங்க. மீதிப் பேர் மறுபடி வருவாங்க" என்றாள். ரெக்சினையும் தோலையும் பிரித்தறியவும் கற்றுத்தந்தாள்: மேற்பரப்பின் நுண்துளைகள் ஒரே சீராயிருந்தால் ஐயப்படுங்கள், வெட்டிய ஓரத்தில் நார்நாராக இழை தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் மெல்ல உறிஞ்சிக் கறுக்கும். மழையில் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவுங்கள்.

மகாராஷ்டிரமும் கர்நாடகமும் சேர்ந்த எட்டு மாவட்டங்களின் கோலாப்பூர்ச் செருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜூன் மாதம் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் அதே சாயலுள்ள செருப்பை மேடையேற்றியபோது, கோலாப்பூரின் பெயர் எங்கே என்று கைவினைஞர்கள் கேட்டார்கள். அந்நிறுவனமும் பின்னர் அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. செய்தியைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "அங்க பேரைக் கேட்கிறாங்க சாமி. இங்க நாங்க இன்னும் கூலியவே கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள்.

1,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து, ரசீது எழுதித் தந்தாள். ஒரு வாரத்தில் அஞ்சலில் செருப்பு வந்துவிட்டது. ஆனால் பழையதை நான் எறியப்போவதில்லை. நூறு ரூபாய்க் கடன் அதில் இன்னும் இருக்கிறது; அதைத் தீர்க்க இனி எனக்கு வழியில்லை. அந்தக் கடனோடு நடப்பது எனக்கு நல்லது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் ஊர்ச் சந்தியிலும் குடைக்கடியில் ஒருவர் ஊசியோடு அமர்ந்திருக்கலாம். அறுந்த வாரைத் தைத்ததற்கு இருபது ரூபாய் கேட்டால் பதினைந்துக்குப் பேசாதீர்கள். கொடுக்கவேண்டியதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நாளைக்குக் கொடுப்பதற்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார்.

விடைபெற்றபோது பேத்தி என்னைப் பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப வந்தாள். குறுக்குச் சந்து ஒன்று உண்டு; அவளுடைய தாத்தா எப்போதும் அதன் வழியேதான் போவார். அவளோ ஊரின் நடுத்தெரு வழியே என்னை அழைத்துப்போனாள். தெருவில் மூன்று நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலில் அவளே தைத்த செருப்பு இருந்தது. புதுத்தோல் ஆகையால் நடக்க நடக்க அது சத்தமிட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.